தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங்: சான்றிதழ் சேகரிப்பதிலிருந்து முதல் வருடம் வரை

தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் நான்கு வருட பி.எஸ்சி. நர்சிங் படிக்க நினைக்கும் ப்ளஸ் டூ மாணவர்களுக்கும், அவர்களுக்காக அலையப்போகும் பெற்றோருக்கும் இது. முதலில் யார் எதற்குப் பொறுப்பு என்று தெரிந்துகொள்ளுங்கள். பாதி அலைச்சல் தப்பான அலுவலகத்தில் போய் நிற்பதால்தான் வருகிறது.

கிண்டியில் இருக்கும் பல்கலைக்கழகம் பாடத்திட்டம், தேர்வு, பட்டம் மூன்றையும் பார்த்துக்கொள்ளும். அங்கே போய் சீட் கேட்டால் கிடைக்காது. அரசு ஒதுக்கீட்டு சீட் தருவது சென்னை கீழ்ப்பாக்கத்தில் உள்ள மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு. படித்து முடித்ததும் நர்ஸ் என்று பதிவு எண் தருவது தமிழ்நாடு செவிலியர் மற்றும் மகப்பேறு தாதியர் குழுமம். இந்த மூன்று இடத்திலும் உங்கள் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி இருக்க வேண்டும். இதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறோம்.

1. தகுதி இருக்கிறதா என்று பாருங்கள்

ப்ளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். உயிரியலுக்குப் பதில் தாவரவியலும் விலங்கியலும் தனித்தனியாகப் படித்திருந்தாலும் சரி. ஆங்கிலம் ஒரு பாடமாக இருந்திருக்க வேண்டும். நாடு முழுவதும் நர்சிங் படிப்புக்கு விதி வகுக்கும் இந்திய நர்சிங் கவுன்சிலின் விதிப்படி அறிவியல் பாடங்களில் சராசரி 45 சதவீதம் வேண்டும், எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு 40. சேரும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிரம்ப வேண்டும். இது குறைந்தபட்சத் தகுதி மட்டுமே. 45 சதவீதத்தை வைத்துக்கொண்டு அரசுக் கல்லூரி சீட்டை எதிர்பார்க்க முடியாது.

நீட் தேவையில்லை. தரவரிசை ப்ளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான். கட்-ஆஃப் 200-க்குக் கணக்கிடப்படும்: உயிரியலுக்கு 100, இயற்பியலும் வேதியியலும் சேர்ந்து 100. உயிரியலில் 92, இயற்பியலில் 80, வேதியியலில் 84 என்றால் 92 + 40 + 42, அதாவது 174. உயிரியலில் விடும் ஒரு மார்க், இயற்பியலில் விடும் இரண்டு மார்க்குக்குச் சமம்.

நிறக்குருடு இருப்பவர்கள் சேரவே முடியாது என்று சிலர் சொல்லி பயமுறுத்துவார்கள். அதைச் சரிசெய்யும் கண்ணாடியோ கான்டாக்ட் லென்ஸோ அணிந்தால் சேரலாம் என்று கவுன்சில் விதியிலேயே இருக்கிறது. திருமணமானவர்களும் சேரலாம்.

உயிரியல் எடுக்காதவர்களுக்கு பி.எஸ்சி. கிடையாது. அவர்கள் மூன்று வருட நர்சிங் டிப்ளமோவான ஜி.என்.எம். பார்க்கலாம். ஆர்ட்ஸ் குரூப் படித்தவர்களையும் கவுன்சில் விதி அதில் அனுமதிக்கிறது. அதை முடித்துப் பதிவு செய்த பிறகு இரண்டு வருட போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. சேர வழி உண்டு.

2. எந்த வழியில் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

தேர்வுக் குழுவின் ஒற்றைச் சாளர கவுன்சலிங்கில் அரசு நர்சிங் கல்லூரி இடங்களும், தனியார் கல்லூரிகள் அரசுக்கு ஒப்படைத்த இடங்களும் வரும். சென்னை மருத்துவக் கல்லூரி, மதுரை, செங்கல்பட்டு, சேலம், தேனி, சிவகங்கை ஆகியவற்றோடு இணைந்த நர்சிங் கல்லூரிகளுக்குத்தான் அடிதடி. 

மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குக் கல்லூரியிலேயே நேரில் விண்ணப்பிப்பார்கள். ஒரு விஷயத்தை நினைவில் வையுங்கள்: முதல் பட்டதாரி கல்விக் கட்டணச் சலுகை ஒற்றைச் சாளரத்தில் வந்தவர்களுக்கு மட்டுமே. அதே கல்லூரி, அதே வகுப்பு, பக்கத்துப் பெஞ்சு என்றாலும் மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தவருக்கு அது கிடையாது. "இப்ப சேந்துடுங்க, சலுகையை அப்புறம் வாங்கித் தர்றோம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வேலூர் சி.எம்.சி. இதே பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தாலும் தன் அட்மிஷனைத் தனியாக நடத்துகிறது, விண்ணப்பமும் தேதியும் வேறு. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் இந்தக் கணக்கிலேயே வராது. அங்கே பட்டம் அவர்களுடையது, ஃபீஸும் அவர்கள் வைத்ததுதான்.

3. சான்றிதழ்களை ரிசல்ட் வருவதற்கு முன்பே வாங்கி வையுங்கள்

இதை மட்டும் ஒழுங்காகச் செய்தால் மற்றதெல்லாம் சுலபம். மே மாதம் ரிசல்ட் வந்ததும் இன்ஜினியரிங், கலைக் கல்லூரி, பாராமெடிக்கல் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் இ-சேவை மையத்தில் குவிவார்கள். விண்ணப்பம் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் அலுவலகம் என்று ஒவ்வொரு மேசையாக நகர வேண்டும். ஏப்ரலில் ஒரு வாரத்தில் கிடைக்கும் சான்றிதழ் ஜூனில் இழுத்துக்கொண்டே போகும். இ-சேவையில் வருவாய்த் துறைச் சான்றிதழ் ஒன்றுக்குக் கட்டணம் 60 ரூபாய். அதற்கு மேல் கேட்டால் ரசீது கேளுங்கள்.

*சாதிச் சான்றிதழ்.* க்யூஆர் கோடு உள்ள ஆன்லைன் சான்றிதழாக இருப்பது நல்லது. பழைய அட்டை இருந்தால் அதைக் காட்டிப் புதிது எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்.டி. சான்றிதழுக்கு தாசில்தார் கையெழுத்து போதாது, கோட்டாட்சியர்தான் தர வேண்டும். அதற்கு விசாரணை உண்டு என்பதால் மற்ற எல்லாவற்றையும் விட முன்னதாகத் தொடங்குங்கள். பெற்றோரின் சாதிச் சான்றிதழையும் தேடி எடுத்து வையுங்கள், சரிபார்ப்பில் கேட்பார்கள். கிறிஸ்தவத்துக்கு மாறிய எஸ்.சி. குடும்பத்தினர் தமிழ்நாட்டில் பி.சி. பட்டியலில் வருவார்கள். பள்ளி ஆவணத்தில் ஒன்றும் சான்றிதழில் வேறொன்றும் இருந்தால் சரிபார்ப்பு மேசையில் நிறுத்திவிடுவார்கள்.

இடஒதுக்கீடு எப்படிப் பிரிகிறது என்றால்: பொதுப்பிரிவு 31 சதவீதம், பி.சி. 26.5, பி.சி. முஸ்லிம் 3.5, எம்.பி.சி. மற்றும் டி.என்.சி. (சீர்மரபினர்) 20, எஸ்.சி. 15, அருந்ததியர் 3, எஸ்.டி. 1. பொதுப்பிரிவு என்பது எல்லோருக்கும் திறந்தது. மதிப்பெண் இருந்தால் எந்தச் சாதிப் பிரிவினரும் அதில் வரலாம்.

*முதல் பட்டதாரிச் சான்றிதழ்.* தாத்தா பாட்டி, அப்பா அம்மா, உடன்பிறந்தவர்கள் யாரும் பட்டதாரியாக இருக்கக் கூடாது. அக்கா ஏற்கெனவே இந்தச் சலுகையில் படித்துக்கொண்டிருந்தால் தம்பிக்குக் கிடைக்காது. ரேஷன் அட்டையில் பெயருள்ள ஒவ்வொருவரின் படிப்புக்கும் ஆதாரம் கேட்பார்கள். அப்பா எட்டாம் வகுப்போடு நின்றிருந்தால் அந்தப் பள்ளி டிசி. அது தொலைந்திருந்தால் பள்ளிக்குப் போய் நகல் வாங்க வேண்டும், கோடை விடுமுறையில் பள்ளி பூட்டிக் கிடக்கும். சான்றிதழோடு மாணவரும் பெற்றோரும் கையெழுத்திடும் கூட்டு உறுதிமொழிப் படிவமும் வேண்டும். இதைத்தான் அதிகம் பேர் மறக்கிறார்கள்.

*வருமானச் சான்றிதழ்.* ஒரு வருடம்தான் செல்லும். சேரும்போது செல்லுபடியாகி, உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும்போது காலாவதியாகிப்போவது சாதாரணம். ரொம்ப முன்னாடி வாங்காதீர்கள், இந்த ஒன்றை மட்டும் மே மாதம் எடுத்தால் போதும்.

*படித்த பள்ளிச் சான்று.* 6 முதல் 12 வரை எந்த வருடம் எந்தப் பள்ளி என்று தலைமையாசிரியர் கையெழுத்திட்ட போனஃபைடு. நடுவில் பள்ளி மாறியிருந்தால் ஒவ்வொரு பள்ளியிலும் வாங்க வேண்டும். சில வருடம் பெங்களூரிலோ மும்பையிலோ படித்தவர்கள் பிறப்பிடச் சான்றிதழும் எடுக்க வேண்டும்.

*தகுதிச் சான்றிதழ்.* சி.பி.எஸ்.இ., என்.ஐ.ஓ.எஸ். (தேசிய திறந்தநிலைப் பள்ளி), வெளிமாநில போர்டு என்று தமிழ்நாடு மேல்நிலைத் தேர்வு தவிர வேறு எதில் படித்திருந்தாலும் எம்.ஜி.ஆர். பல்கலைக்கழகத்தில் இதை வாங்க வேண்டும். "சேந்த பிறகு பாத்துக்கலாம்" என்று விட்டால் முதல் செமஸ்டர் தேர்வுக்குப் பதிவு செய்யும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

இனி பெயர் விஷயம். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் "செல்வி மு". ஆதாரில் "செல்வி முருகேசன்". வங்கிப் புத்தகத்தில் "மு. செல்வி". நமக்கு மூன்றும் ஒரே ஆள்தான், கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். உதவித்தொகை இணையதளத்தில் ஆதார் பெயரும் மாணவர் பதிவேட்டுப் பெயரும் பொருந்தாமல் விண்ணப்பம் நின்றுபோகும். இன்னொரு பக்கம், பல்கலைக்கழகப் பட்டத்தில் ப்ளஸ் டூ சான்றிதழில் இருப்பதுபோல்தான் பெயர் அச்சாகும். பிற்காலத்தில் வளைகுடாவுக்கோ இங்கிலாந்துக்கோ வேலைக்குப் போகும்போது பாஸ்போர்ட் அதோடு ஒத்துப்போகாவிட்டால் ஒவ்வொரு இடத்திலும் விளக்கம் எழுத வேண்டிவரும். எளிய வழி, மதிப்பெண் சான்றிதழை அடிப்படையாக வைத்து ஆதாரையும் வங்கிக் கணக்கையும் அதற்கேற்ப மாற்றுவது. மதிப்பெண் சான்றிதழிலேயே பிழை என்றால், பள்ளி மூலம் திருத்த இப்போதே விண்ணப்பியுங்கள்.

4. ஆன்லைன் விண்ணப்பம்

பி.எஸ்சி. நர்சிங், பி.ஃபார்ம்., பிசியோதெரபி, ரேடியாலஜி என்று எல்லா பாராமெடிக்கல் பட்டப்படிப்புக்கும் ஒரே விண்ணப்பம்தான். ரிசல்ட்டை ஒட்டி, மே கடைசியிலோ ஜூனிலோ தேர்வுக் குழு இணையதளத்தில் திறக்கும். தேதி வருடத்துக்கு வருடம் மாறும், சில வருடம் பத்துப் பதினைந்து நாள்கூட இருப்பதில்லை. ஆகவே ரிசல்ட் வந்த வாரத்திலிருந்து தினமும் ஒரு முறை தளத்தைப் பாருங்கள்.

விளக்கக் குறிப்பேட்டை முழுக்கப் படித்த பிறகே பூர்த்தி செய்யுங்கள். ப்ரவுசிங் சென்டரில் போட்டால் மொபைல் எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதாக இருக்கட்டும். கடைக்காரர் அவசரத்தில் தன் மின்னஞ்சலைப் போட்டுவிட்டுப் போய்விடுவார், பிறகு பாஸ்வேர்டு மறந்தால் உள்ளே நுழைய முடியாது. சிறப்புப் பிரிவு (முன்னாள் ராணுவத்தினர் வாரிசு, விளையாட்டு, மாற்றுத்திறனாளி) இருந்தால் அந்தக் கட்டத்தை விண்ணப்பிக்கும்போதே டிக் செய்ய வேண்டும்.

சமர்ப்பித்த பிறகு பி.டி.எஃப். இறக்கி, மதிப்பெண், பிறந்த தேதி, சாதிப் பிரிவு மூன்றையும் வீட்டில் வேறொருவரை விட்டுச் சரிபார்க்கச் சொல்லுங்கள். தட்டச்சு செய்தவர் கண்ணுக்குத் தன் பிழை படாது.

5. சாய்ஸ் ஃபில்லிங்குக்கு முன் கல்லூரியைச் சோதியுங்கள்

தரவரிசைப் பட்டியல் வந்ததும் ஆன்லைனில் விருப்பங்களை வரிசைப்படுத்த வேண்டும். ஒவ்வொரு விருப்பமும் ஒரு படிப்பு, ஒரு கல்லூரி. நர்சிங்தான் வேண்டும் என்றால் நர்சிங் இருக்கும் கல்லூரிகளை எல்லாம் போட்ட பிறகே பி.ஃபார்முக்கு இறங்குங்கள். பத்து கல்லூரி போட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். பட்டியல் நீளமாக இருப்பதால் உங்களுக்கு நஷ்டம் எதுவும் இல்லை, மேலே இருப்பது கிடைத்தால் கீழே உள்ளதை கம்ப்யூட்டர் பார்க்கவே பார்க்காது. ஆனால் கிடைத்தாலும் சேர மாட்டேன் என்கிற கல்லூரியைச் சும்மா நிரப்ப வேண்டாம். கடைசி நாள் இரவு தளம் மெதுவாகும், முந்தின நாளே லாக் செய்யுங்கள்.

கல்லூரியைப் பார்க்கும்போது கட்டடத்தை விட ஆஸ்பத்திரியைப் பாருங்கள். நர்சிங் கல்லூரிக்கு நூறு படுக்கை கொண்ட சொந்த மருத்துவமனை இருக்க வேண்டும், மூன்று நோயாளிக்கு ஒரு மாணவர் என்ற கணக்கு வேண்டும் என்பது கவுன்சில் விதி. போர்டில் நூறு என்று எழுதியிருக்கும், போய்ப் பார்த்தால் வார்டில் மெத்தை விரித்த கட்டில்தான் அதிகம், ஆளில்லை. ஒரு வேலை நாளில் காலை பத்து மணிக்கு நேரில் போய், புறநோயாளிப் பிரிவில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பிரசவ வார்டும் குழந்தைகள் வார்டும் எங்கே, மனநலப் போஸ்டிங்குக்கு எங்கே அனுப்புகிறார்கள், பஸ் செலவு யாருடையது என்று இரண்டாம் மூன்றாம் வருட மாணவிகளிடம் கேளுங்கள். அலுவலகத்தில் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.

காகிதத்தில் மூன்று பட்டியல்களில் கல்லூரி பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்: எம்.ஜி.ஆர். பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகள், தமிழ்நாடு செவிலியர் குழுமம், இந்திய நர்சிங் கவுன்சில். எந்த வருடத்துக்கான பட்டியல், எத்தனை இடங்கள் என்பதும் முக்கியம்.

மிகப் பெரிய பொறி ஒன்று உண்டு. "ஒரு வருட நர்சிங்", "டிப்ளமோ இன் நர்சிங் அசிஸ்டென்ட்" என்று பஸ் ஸ்டாண்டு பக்கத்து மாடியில் நடக்கும் படிப்புகள். வெள்ளை யூனிஃபார்ம் கொடுப்பார்கள், போட்டோ எடுப்பார்கள். ஆனால் அவற்றை முடித்தால் குழுமத்தில் நர்ஸாகப் பதிவு செய்ய முடியாது. பதிவு இல்லாதவர் சட்டப்படி நர்ஸ் இல்லை. பி.எஸ்சி. சீட் கிடைக்காத வருத்தத்தில் இதில் பணம் கட்டாதீர்கள். வெளிமாநிலக் கல்லூரிக்கு ஏஜென்ட் மூலம் போகிறவர்களும் கவனம்: அந்த மாநிலப் பல்கலைக்கழகத்தின் பட்டியலை நீங்களே பாருங்கள், அவர் காட்டும் ஜெராக்ஸ் போதாது.

6. பணக் கணக்கு

அரசுக் கல்லூரியில் கல்விக் கட்டணம் பெரிய சுமை இல்லை, ஹாஸ்டல் மெஸ் பில்தான் அதை விடக் கூட வரும். தனியாரில் அரசு ஒதுக்கீட்டுக்கும் மேனேஜ்மென்ட்டுக்கும் கட்டண நிர்ணயக் குழு தனித்தனியாக ஃபீஸ் வைத்திருக்கிறது. அந்தத் தொகையைத் தெரிந்துகொண்டு போங்கள். கல்லூரியிடம் கல்விக் கட்டணத்தை மட்டும் கேட்காதீர்கள். பல்கலைக்கழகப் பதிவு, தேர்வுக் கட்டணம், கிளினிக்கல் (வார்டுப் பயிற்சி) கட்டணம், பஸ், யூனிஃபார்ம், ரெக்கார்டு நோட்டு, ஹாஸ்டல் எல்லாம் சேர்த்து நான்கு வருடத்துக்கும் எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் அதுவே ஒரு பதில்தான்.

வரவுப் பக்கம்: அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன். இதற்குக் குடும்ப வருமான வரம்பு கிடையாது, வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதுவும் வரும். அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. எஸ்.சி., எஸ்.டி., பி.சி., எம்.பி.சி. போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு பெற்றோர் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். எல்லாமே மாணவர் பெயரில் உள்ள, ஆதார் இணைத்த வங்கிக் கணக்குக்குத்தான் வரும். வங்கியில் ஆதார் ஜெராக்ஸ் கொடுத்தது மட்டும் போதாது. நேரடி மானியத்துக்காக இந்தக் கணக்கை ஆதாரோடு சேர்க்கச் சொல்லித் தனியாகக் கேட்க வேண்டும். அம்மாவோடு கூட்டாக வைத்திருக்கும் கணக்கு வேண்டாம்.

கல்விக் கடன் நான்கு லட்சம் வரை சொத்துப் பிணை இல்லாமலும் சொந்தப் பங்குத் தொகை இல்லாமலும் தர வேண்டும் என்பது வங்கிகளின் பொதுத் திட்டம். பெற்றோர் கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்திட வேண்டும். தவணை படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத் தொடங்கும். வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பித்து அந்த எண்ணோடு கிளைக்குப் போனால், "மேனேஜர் லீவு" என்று திருப்பி அனுப்புவது குறையும்.

7. சேரும் நாள்

அலாட்மென்ட் ஆர்டரில் உள்ள கடைசித் தேதிக்குள் கல்லூரியில் இருக்க வேண்டும், ஒரு நாள் தாண்டினாலும் இடம் காலிப் பட்டியலுக்குப் போய்விடும். ஒரிஜினல்களைக் கொடுப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் இரு பக்கமும் ஸ்கேன் செய்து, ஐந்து செட் ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். என்னென்ன ஒரிஜினல் கொடுத்தீர்கள் என்று பட்டியல் போட்டு, கல்லூரி முத்திரையோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கவுன்சலிங்கின் பிந்தைய சுற்று, கடன், பாஸ்போர்ட் என்று எதற்காவது திரும்பக் கேட்க வேண்டிவரும், அந்தப் பட்டியல் இல்லாவிட்டால் வாக்குவாதம்தான்.

ஹெபடைடிஸ் பி ஊசியை உடனே தொடங்குங்கள். முதல் டோஸ், ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாவது மாதம் மூன்றாவது. வார்டில் ஊசி குத்திக்கொள்ளும் விபத்து மாணவர்களுக்கும் நடக்கும். மூன்றாவது டோஸ் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி அளவு பார்த்துக்கொள்ளுங்கள், 10-க்குக் (mIU/mL) கீழே இருந்தால் மறுபடி போட வேண்டிவரும். டெட்டனஸ் ஊசி போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

வாங்க வேண்டிய சாமான் பெரிதாக ஒன்றுமில்லை: நொடி முள் உள்ள கைக்கடிகாரம் (டிஜிட்டல் வேண்டாம், நாடி எண்ண முள்தான் வசதி), சத்தம் வராத ஷூ, தெர்மாமீட்டர், இன்ச் டேப், சின்ன டார்ச், கத்தரிக்கோல். ஸ்டெதஸ்கோப்பும் பி.பி. கருவியும் எந்த மாடல் என்று கல்லூரி சொன்ன பிறகு வாங்குங்கள்.

8. முதல் வருடத்தில் வழுக்கும் இடங்கள்

2021 பாடத்திட்டத்தின்படி எட்டு செமஸ்டர். ஒவ்வொன்றும் 20 வாரம், வாரத்துக்கு 40 மணி நேரம். முதல் செமஸ்டரிலேயே உடற்கூறியல், உடலியங்கியல், சமூகவியல், உளவியல், நர்சிங் ஃபவுண்டேஷன், ஆங்கிலம் ஆறும் சேர்ந்து வரும், எல்லாம் ஆங்கிலத்தில். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு உடற்கூறியல் கஷ்டமாகத் தெரியும். காரணம் சொற்கள்தான், பாடம் இல்லை. தினம் இருபது சொல் எழுதிப் படித்தால் இரண்டு மாதத்தில் பழகிவிடும். கட்டுரை போல நீட்டி எழுதுவதை விடப் படம் வரைந்து பாகம் குறித்தால் மார்க் வரும்.

தேர்வில் தியரிக்கும் பிராக்டிக்கலுக்கும் தனித்தனியாக 50 சதவீதம் வேண்டும், ஆங்கிலத்துக்கு 40 போதும். தியரி 100-ல் 25 கல்லூரியே போடும் இன்டர்னல். தேர்வு எழுத 80 சதவீத வருகை கட்டாயம், பட்டம் வாங்கும் முன் கிளினிக்கல் வருகை முழுதாக 100 சதவீதம். அதாவது அம்மை போட்டு வார்டுக்கு வராத நாட்களையும் பின்னால் ஈடுகட்டியே ஆக வேண்டும். பொங்கல் தீபாவளியை ஒட்டி இரண்டு நாள் கூடுதலாக ஊரில் தங்குகிறவர்கள் கடைசி வருடத்தில் விடுமுறையில் வந்து டூட்டி பார்ப்பது இதனால்தான்.

அரியர் இருந்தாலும் அடுத்த செமஸ்டர் வகுப்பில் உட்காரலாம். ஆனால் முந்தைய எல்லாவற்றையும் முடிக்காமல் ஐந்தாம் செமஸ்டர் தேர்வு எழுத முடியாது. "பாத்துக்கலாம்" என்று தள்ளியவர்கள் அங்கேதான் மொத்தமாக நிற்பார்கள். படிப்பை முடிக்க அதிகபட்சம் எட்டு வருடம்.

லாக் புக் கையெழுத்தை அன்றன்றே வாங்குங்கள். வார்டில் நீங்கள் செய்த கதீட்டர், டிரஸ்ஸிங், ஊசி ஒவ்வொன்றுக்கும் பொறுப்பு நர்ஸோ ஆசிரியரோ கையெழுத்திட வேண்டும். மாதக் கடைசியில் மொத்தமாக நீட்டினால் அந்த சிஸ்டருக்கு வேறு வார்டுக்கு மாற்றல் வந்திருக்கும், புதிதாக வந்தவர் தான் பார்க்காததற்குக் கையெழுத்துப் போட மாட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.